துகள்களைத் துடைக்காமல் ஒரு படத்தைத் துலக்குவது

“என்ன மாமா, சண்டை போட்டுப் பிரிஞ்சாங்கன்னு சொன்னீங்க, எல்லாரும் சிரிச்சிக்கிட்டுல்ல இருக்காங்க?” என்று அக்கா மகன் கேட்டபோது படம் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. 1970ஆம் ஆண்டு வெளியான ‘லெட் இட் பீ’ ஆவணப்படம் மீட்டெடுக்கப்பட்டு 2024ஆம் ஆண்டு மே 8 அன்று மீண்டும் வெளியானது. அதற்கடுத்த வாரத்தில் ஓர் இரவு நாங்கள் இருவரும் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இங்கிலாந்தின் புகழ்பெற்ற இசைக்குழுவான பீட்டில்ஸ் உடைந்த கதையைச் சொல்லும் படம் என்று அவனுக்கு முன்கூட்டியே ஒரு சிறு பிரசங்கம் செய்திருந்தேன். துக்க வீட்டுக்குப் போகிறவன்போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்குத் திரையில் நடந்தது வேறு ஏதோவாகத் தெரிந்தது. உண்மையில் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. 20 ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த அதே காட்சிகள் அதே வரிசையில்தான் வந்துகொண்டிருந்தன. அவற்றின்மீது படிந்திருந்த இருட்டு மட்டும் காணாமல் போயிருந்தது.

நான் முதன்முதலில் இந்தப் படத்தைப் பார்த்தது கல்லூரி விடுதியில். யாரோ ஒருவர் வீடியோ கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கும், அதிலிருந்து குறுந்தகட்டுக்கும் ஏற்றி, அதையும் பலர் படியெடுத்து, கடைசியில் எங்கள் அறைக்கு வந்து சேர்ந்த வி.சி.டி. அது. முகங்களில் பச்சை பாய்ந்திருந்தது. கறுப்பு உடை அணிந்தவர்கள் பின்னணியில் கரைந்துபோய், தலையும் கைகளும் மட்டும் அந்தரத்தில் மிதந்தன. பால் மெக்கார்ட்னியிடம் ஜார்ஜ் ஹாரிசன், நீ சொல்வதுபோல் வாசிக்கிறேன், வேண்டாமென்றால் வாசிக்காமலேயே இருக்கிறேன் என்ற பொருளில் பேசும் அந்தப் புகழ்பெற்ற காட்சியில், பேசுகிறவரின் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள்தான் இருந்தன. குழிக்குள்ளிருந்து வரும் குரல் எதைச் சொன்னாலும் கசப்பாகத்தானே கேட்கும்? அந்தக் கசப்பைப் படத்தின் குணம் என்றே நான் நம்பியிருந்தேன். நான் மட்டுமல்ல, படத்தைப் பற்றி அரை நூற்றாண்டாக எழுதியவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் நம்பியிருந்தார்கள்.

அந்த இருட்டு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் இந்த மீட்டெடுப்பைப் பற்றிப் பேச முடியாது.

1969ஆம் ஆண்டு ஜனவரி 2 அன்று, இலண்டனின் தென்மேற்கில் உள்ள டுவிக்கன்ஹாம் படப்பிடிப்புத் தளத்தில் குழுவின் நான்கு பேரும், அதாவது ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார், ஒத்திகைக்குக் கூடினார்கள். புதிய பாடல்களை உருவாக்கி, கடைசியில் எங்காவது ஒரு கச்சேரி செய்வது, அதையெல்லாம் தொலைக்காட்சி நிகழ்ச்சியாக எடுப்பது என்பதுதான் முதல் திட்டம். இயக்குநர் மைக்கேல் லிண்ட்சே-ஹாக்குக்கு அப்போது வயது 28. அவர்களுடைய சில பாடல்களுக்கு முன்பே விளம்பரப் படங்கள் எடுத்துக் கொடுத்தவர். கச்சேரியை லிபியாவில் உள்ள ரோமானியர் காலத்துத் திறந்தவெளி அரங்கில் வைக்கலாம், கப்பலில் வைக்கலாம் என்றெல்லாம் பேசி, கடைசியில் அவர்கள் தங்களுடைய அலுவலகத்தின் மொட்டை மாடிக்கு ஏறியது ஊரறிந்த கதை. தொலைக்காட்சிக்குத்தானே என்பதால் 16 மி.மீ. படச்சுருளில் எடுத்தார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். அன்றைய தொலைக்காட்சிப் பெட்டிக்கு அது தாராளமாகப் போதும். செலவும் குறைவு, கேமராவும் தோளில் தூக்கும் அளவுதான். இரண்டு கேமராக்களும், ஒலிக்கென இரண்டு நாக்ரா டேப் ரெக்கார்டர்களும் அந்த மாதம் முழுவதும் அவர்களைப் பின்தொடர்ந்தன.

பிறகு திட்டம் மாறியது. தொலைக்காட்சி நிகழ்ச்சி கைவிடப்பட்டு, எடுத்ததெல்லாம் திரையரங்குக்கான படம் ஆனது. யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்கு அவர்கள் கொடுக்கவேண்டியிருந்த படத்தின் கணக்கையும் இதைக் கொண்டு நேர்செய்துகொள்ள முடிந்தது. ஆனால் திரையரங்குக்குப் போக வேண்டுமென்றால் 35 மி.மீ. பிரதி வேண்டும். 16 மி.மீ. பிரேம் ஒன்றின் பரப்பு 35 மி.மீ. பிரேமின் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சிறிய சதுரத்தை ஊதிப் பெரிதாக்கும்போது, படச்சுருளில் இருக்கும் வெள்ளித் துகள்களின் தடமும் சேர்ந்து பெரிதாகும். திரையரங்கின் அகலத் திரைக்கு ஏற்பப் படத்தின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் வேறு வெட்டுப்பட்டன. அதற்கு மேல், அந்தக் காலத்துப் பிரதியெடுப்பு முறை இருக்கிறது. கேமராவில் ஓடிய நெகட்டிவிலிருந்து ஓர் இடைப் பாசிட்டிவ், அதிலிருந்து ஓர் இடை நெகட்டிவ், அதிலிருந்துதான் அரங்குகளுக்குப் போகும் பிரிண்ட். ஒவ்வொரு படியிலும் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையிலான முரண் கூடும்; நிழலில் இருக்கும் சின்னச் சின்ன விவரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கருமையாகிவிடும். கண்ணின் பளபளப்பு, உதட்டோரச் சுழிப்பு போன்றவைதான் முதலில் பலியாகும்.

நம் ஏட்டுச்சுவடிகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஏட்டைப் பார்த்து ஏடு, அதைப் பார்த்து மற்றோர் ஏடு என்று பெயர்த்தெழுதிப் போகும்போது ஒவ்வொரு படியெடுப்பவர் கையிலும் ஒரு பிழை கூடும். 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல ஊர்ப் பிரதிகளைத் தேடி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, மூல ஏடு யாரிடமும் இல்லாததால்தான். இந்தப் படத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. மூல ஏடே, அதாவது கேமராவுக்குள் ஓடிய 16 மி.மீ. நெகட்டிவே, பத்திரமாக இருந்தது. அதை எடுத்துத் திறக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

படம் 1970ஆம் ஆண்டு மே 13 அன்று நியூயார்க்கிலும், ஒரு வாரம் கழித்து இலண்டனிலும் லிவர்பூலிலும் திரையிடப்பட்டது. பால் குழுவை விட்டு விலகியது அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஏப்ரல் 10 அன்று, நாளேடுகளில் வெளியாகியிருந்தது. நான்கு பேரில் ஒருவரும் முதல் திரையிடலுக்கு வரவில்லை. 1969 ஜனவரியில் எடுத்த படத்தை 1970 மே மாதத்துச் செய்தியோடு சேர்த்துப் பார்த்த இரசிகர்களுக்கு, ஒவ்வொரு கொட்டாவியும் பிரிவின் அறிகுறியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அடுத்த ஆண்டு இந்தப் படத்தின் பாடல்களுக்கு ஆஸ்கர் கிடைத்தபோது அதை மேடையேறி வாங்கிக்கொண்டவர் அமெரிக்க இசையமைப்பாளர் குயின்சி ஜோன்ஸ். வீட்டுக்காரர்கள் வராத வீட்டுக் கல்யாணம்.

1980களின் தொடக்கத்தில் வீடியோ கேசட்டாகவும் லேசர் தட்டாகவும் ஒருமுறை வெளிவந்ததோடு சரி. பிறகு படம் கடைகளிலிருந்து மறைந்தது. இடையில் ஒருமுறை தூய்மைப்படுத்தும் வேலை தொடங்கி, 1995ஆம் ஆண்டு வெளியான ‘ஆந்தாலஜி’ தொடரில் சில காட்சிகள் மட்டும் தலைகாட்டின. படத்தில் உள்ள விஷயம் இன்னமும் சர்ச்சைக்குரியதாகவே இருப்பதாக, பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிளை நெடுங்காலம் நிர்வகித்த நீல் ஆஸ்பினால் ஒருமுறை வெளிப்படையாகவே சொன்னார். விளைவாக, நாற்பதாண்டுக் காலம் உலகம் அந்தப் படத்தைக் கள்ளப் பிரதிகளில் மட்டுமே பார்த்தது. இருண்ட பிரிண்ட், அதைவிட இருண்ட கேசட், அதனினும் இருண்ட வி.சி.டி. படத்தின் பெயர் கெட்டதில் பாதிப் பழி இந்தப் பிரதிகளையே சேரும் என்பது என் கணிப்பு.

இந்த நிலையில்தான் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களை இயக்கிய பீட்டர் ஜாக்சன் உள்ளே வருகிறார். அந்த ஒரு மாதத்தில் எடுத்த ஏறத்தாழ 60 மணி நேரப் படத்தையும் 150 மணி நேர ஒலிப்பதிவையும் எடுத்துக்கொண்டு, அவர் ‘கெட் பேக்’ என்ற தொடரைச் செய்தார். 2021ஆம் ஆண்டு நவம்பரில் மூன்று பகுதிகளாக வெளியான அது ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஓடும். (படத்தைவிட ஒலி இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதற்குக் காரணம் எளியது: கேமரா நின்றாலும் நாக்ரா ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு 400 அடிப் படச்சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். சுருள் விலை அதிகம், டேப் மலிவு.) உணவறைப் பூந்தொட்டிக்குள் லிண்ட்சே-ஹாக் ஒளித்து வைத்த ஒலிவாங்கியில் பதிவான ஜானும் பாலும் பேசும் பேச்சு அன்று தட்டு, கரண்டிச் சத்தத்தில் புதைந்துபோனது; அதைக்கூட ஜாக்சனின் ஆட்கள் தோண்டி எடுத்தார்கள்.

எட்டு மணி நேரமும் நான் நகராமல் பார்த்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்தத் தொடரின் தோற்றம் எனக்கு ஒப்பவில்லை. துகள்களை எல்லாம் கணினியால் வழித்தெடுத்ததில், சில இடங்களில் தோலின் வரிகளும் முடியின் இழைகளும் சேர்ந்தே போய்விட்டன. வெளிச்சம் முகத்தில் நேராக விழும் இடங்களில் எல்லாம் மெழுகுச் சிலைக்கு உயிர் வந்து பேசுவதுபோல ஒரு வழவழப்பு. 1969ஆம் ஆண்டில் எடுத்த படம் நேற்று எடுத்தது போலிருக்கிறது என்று பலரும் பாராட்டினார்கள். பாராட்டு என்று அவர்கள் சொன்னதுதான் என்னுடைய குறை.

இதை நான் வெறும் இரசிகனாகச் சொல்லவில்லை. இந்தத் தவற்றை என் கையாலேயே செய்திருக்கிறேன். எங்கள் பெரியப்பாவிடம், ஊர்க் கோயில் திருவிழாவில் அவரே பதிவு செய்த நாதசுரக் கச்சேரிக் கேசட் ஒன்று இருந்தது. அதைக் கணினியில் ஏற்றித் தரும்படி என்னிடம் கொடுத்தார். நான் அதை ஏற்றியதோடு நிற்கவில்லை. இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளைக் கொண்டு, டேப்பின் ‘உஸ்’ஸென்ற இரைச்சலைத் துடைத்தேன். ஒரு தடவை துடைத்ததில் பாதி போயிற்று. இன்னும் இரண்டு தடவை துடைத்ததும் இரைச்சல் அறவே நின்றது. பெருமையாகக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் கேட்டார். “ஏம்ப்பா, தவில்காரர் விரல்ல கூடு போடாம வாசிச்ச மாதிரில்ல இருக்கு?” என்றார். தவிலின் வலந்தலையில் கூடு, அதாவது கெட்டியான விரலுறை, போட்ட விரல்கள் விழும்போது எழும் அந்தச் சுரீரென்ற முனை, டேப் இரைச்சல் இருந்த அதே ஒலி அடுக்கில் இருந்திருக்கிறது. இரைச்சலோடு சேர்த்து அதையும் நான் துடைத்துவிட்டிருக்கிறேன். கூட்டத்தில் யாரோ “ஆகா” என்று சொன்னதும் போயிருந்தது. நல்லவேளையாக மூலக் கேசட்டின்மேல் எதையும் பதியவில்லை. மறுபடி ஏற்றி, இரைச்சலோடு அப்படியே கொடுத்தேன்.

ஆகவே, ‘லெட் இட் பீ’ படத்தையும் ஜாக்சனின் பார்க் ரோடு போஸ்ட் நிறுவனமே, நியூசிலாந்தின் வெலிங்டனில் மீட்டெடுக்கிறது என்ற செய்தி வந்தபோது எனக்குக் கொஞ்சம் கலக்கமாகவே இருந்தது. அதே கணினி, அதே ஆட்கள். அவ்வளவு வசதியும் கையில் இருக்கும்போது யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? ஆனால் இம்முறை லிண்ட்சே-ஹாக் உயிரோடு இருந்தார். 84 வயது. அது தன் படம், படச்சுருளில் எடுத்த படம்போலவே தெரிய வேண்டும் என்று விரும்பினார். அசல் 16 மி.மீ. நெகட்டிவிலிருந்து நேரடியாக வேலை தொடங்கியது. இடைப் பாசிட்டிவ், இடை நெகட்டிவ், ஊதிப் பெரிதாக்கிய பிரிண்ட் ஆகிய அத்தனை படிகளையும் ஒரே தாண்டாகத் தாண்டி மூலத்துக்கே போய்விட்டார்கள். நிழலில் புதைந்திருந்தது எல்லாம் நெகட்டிவில் அப்படியே இருந்தது. துகள்களும் பெருமளவு அப்படியே விடப்பட்டன. ஹாரிசனின் கண்கள் இப்போது தெரிகின்றன. அவர் அந்த வசனத்தைச் சொல்லும்போது குரலில் உள்ள சலிப்பு முகத்தில் அவ்வளவாக இல்லை. உடன் வேலை செய்கிறவரோடு பேசிப் பேசி அலுத்த ஒருவரின் முகம் அது, அவ்வளவுதான்.

தோற்றத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, படத்தொகுப்பில் அவர்கள் கை வைக்காமல் இருந்ததுதான். ஏறத்தாழ 80 நிமிடம் ஓடும் அந்தப் படத்தில் குரல் விவரணை கிடையாது. யார் யார் என்று பெயர் போடுவது கிடையாது. எவரையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்பது கிடையாது. காலியான தளத்தில் பொருட்களை நகர்த்தி வைக்கிறார்கள், ஒருவர் பியானோவில் உட்காருகிறார், அவ்வளவில் படம் தொடங்கிவிடுகிறது. பாதிக்கு மேல் போனதும், முன்பின் அறிமுகமில்லாத ஒருவர் கீபோர்டு முன்னால் அமர்ந்து அனாயாசமாக வாசித்துக்கொண்டிருப்பார். “இவரு யாரு மாமா?” என்று மருமகன் கேட்டான். விருந்தினராக வந்த அமெரிக்கக் கலைஞர் பில்லி பிரெஸ்டன் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ‘கெட் பேக்’ தொடரில் அவர் வந்த தேதி முதற்கொண்டு எழுத்தில் போடுவார்கள். இங்கேயும் ஓர் எழுத்துப் பட்டையைச் சேர்த்திருந்தால் புதிய பார்வையாளருக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். ஆனால் 1970ஆம் ஆண்டுப் படம் அதைச் சொல்லவில்லை. இந்தப் படமும் சொல்லவில்லை.

இதைவிடக் கடினமான சோதனை ஒன்று இருந்தது. 1969 ஜனவரி 10 அன்று ஜார்ஜ் ஹாரிசன் குழுவை விட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த சில நாட்கள் பேச்சுவார்த்தை நடந்து, தொலைக்காட்சிக் கச்சேரி வேண்டாம், டுவிக்கன்ஹாமும் வேண்டாம் என்று முடிவான பிறகே அவர் திரும்பினார். அதனால்தான் படத்தின் நடுவில் இடம் மாறி, சேவில் ரோ தெருவில் உள்ள அலுவலகத்தின் அடித்தளத்துக்கு எல்லோரும் வந்து சேர்கிறார்கள். 1970ஆம் ஆண்டுப் படத்தில் இந்த வெளியேற்றம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. படத்தின் சொந்தக்காரர்களே படத்தில் இருப்பவர்களாகவும் இருந்ததால், எதைக் காட்டலாம் என்பதில் இயக்குநருக்கு முழுச் சுதந்திரம் இருக்கவில்லை. இன்று அந்தக் காட்சிகள் கையில் இருக்கின்றன, ‘கெட் பேக்’ அவற்றை ஏற்கெனவே காட்டியும்விட்டது. இயக்குநரோ உயிரோடு இருக்கிறார், விரும்பினால் ‘இயக்குநரின் பதிப்பு’ என்று பெயர் சூட்டிச் செருகியிருக்கலாம். செருகவில்லை. அதைச் செருகியிருந்தால் படம் இன்னும் நேர்மையாகியிருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 1970ஆம் ஆண்டில் எதைச் சொல்ல முடிந்தது, எதை விழுங்க வேண்டியிருந்தது என்பதற்கும் இந்தப் படமே சான்று. விழுங்கியதை இன்று கக்கவைத்தால் சான்று கெட்டுவிடும். நடந்ததை எல்லாம் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு எட்டு மணி நேரத் தொடர் இருக்கவே இருக்கிறது.

அந்தத் தொடரைச் செய்யும்போது ஜாக்சனும் இதே மரியாதையைக் காட்டியிருக்கிறார். ‘லெட் இட் பீ’ படத்தில் இடம்பெற்ற ஷாட்டுகளைக் கூடியவரை தவிர்த்து, அதே கணத்தை வேறு கேமராவின் கோணத்திலிருந்தோ வேறு டேக்கிலிருந்தோ எடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்றன் இடத்தை ஒன்று பிடித்துக்கொள்ளாமல் அருகருகே நிற்பது தெரியும். புதிய வெளியீட்டின் தொடக்கத்தில் ஜாக்சனும் லிண்ட்சே-ஹாக்கும் பேசிக்கொள்ளும் ஒரு சிறு உரையாடல் வருகிறது. அது படத்துக்கு வெளியே, முன்னால் நிற்கிறது. பழைய நூலுக்குப் புதிய பதிப்புரை எழுதுவதுபோல, உள்ளே உள்ள ஓர் எழுத்தையும் தொடாமல்.

ஒலி விஷயத்தில் மட்டும் எனக்கு முழு நிறைவு இல்லை. இங்கே கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். சேவில் ரோ அடித்தளத்திலும் மாடியிலும் வாசித்த இசை எட்டுத் தட டேப்பில் பதிவானது. மாடியிலிருந்து கம்பிகளை அடித்தளம் வரை இறக்கியிருந்தார்கள், காற்று இரைச்சலைத் தடுப்பதற்காக ஒலிவாங்கிகளுக்குப் பெண்கள் அணியும் காலுறைகளை வாங்கிவந்து மாட்டியிருந்தார்கள். அந்தப் பகுதியைத் தடம் தடமாகப் பிரித்து விரிவாக ஒலிக்கச் செய்வது மூலத்துக்கு விரோதமில்லை, மூலமே அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. ஆனால் டுவிக்கன்ஹாமில் இருந்தது நாக்ராவின் ஒற்றைத் தடம் மட்டுமே. ஒரே தடத்தில் பின்னிக் கிடக்கும் கித்தாரையும் டிரம்மையும் பேச்சையும் பிரித்தெடுக்க, ஜாக்சனின் குழு ‘மேல்’ என்ற மென்பொருளை உருவாக்கியது. குழுவின் உதவியாளராக இருந்த மேல் எவன்ஸின் பெயரையும் அது நினைவுபடுத்தும். ஒவ்வொரு கருவியின் ஒலி எப்படி இருக்கும் என்று கணினிக்குக் கற்பித்து, அதைக் கொண்டு பிரிக்கும் முறை. கேமரா கேட்கக் கூடாத பேச்சை மறைப்பதற்காக அவர்கள் வேண்டுமென்றே கித்தாரைத் தட்டிக்கொண்டே பேசிய இடங்களில் எல்லாம், கித்தாரை விலக்கிவிட்டுப் பேச்சை மட்டும் கேட்க முடிந்தது என்று ஜாக்சனே விவரித்திருக்கிறார்.

அந்தத் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ‘லெட் இட் பீ’ படத்தின் ஒலியும் இந்த முறையில் துலக்கப்பட்டதால், முன்பு முணுமுணுப்பாக இருந்த பல வரிகள் இப்போது சொல் சொல்லாகக் காதில் விழுகின்றன. ஆனால் படத்தில் நெகட்டிவில் இருந்ததை வெளியே கொண்டுவந்தார்கள். ஒலியில் டேப்பில் தனியாக இல்லாத ஒன்றை, கணினியின் கணிப்பைக் கொண்டு தனியாக்கினார்கள். முன்னது துலக்குவது, பின்னதில் கொஞ்சம் ஊகமும் கலந்திருக்கிறது. அந்தப் பெரிய தளத்தின் குளிரும் வெறுமையும், ஆளுக்கும் ஒலிவாங்கிக்கும் இடையே இருந்த தூரமும் பழைய ஒலியில் ஒரு மங்கல் எதிரொலியாகக் கேட்கும். அங்கே அவர்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதை யாரும் சொல்லாமலே அது சொல்லிவிடும். அந்த எதிரொலி இப்போது மெலிந்திருப்பதாக என் காதுக்குப் பட்டது. என்னைக் கேட்டால், எந்தப் பழைய படத்தை மீட்டெடுத்தாலும் அது முதலில் திரையரங்கில் ஒலித்த ஒற்றைத்தட ஒலியையும் தனித் தேர்வாக உடன் வைக்க வேண்டும். பதிப்பாசிரியர் பாடபேதத்தை அடிக்குறிப்பில் வைப்பதுபோல.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டேயிருக்கிறது. 1970 மே மாதம் இலண்டனிலோ நியூயார்க்கிலோ சீட்டு வாங்கி உள்ளே போனவர் பார்த்தது இந்தப் படம் அல்ல. அவர் பார்த்தது ஊதிப் பெரிதாக்கிய, மேலும் கீழும் வெட்டிய, நிழல் கறுத்த 35 மி.மீ. பிரிண்ட். அந்தப் பிரிண்டுக்குத்தான் விமர்சனம் எழுதினார்கள், அதைப் பார்த்துத்தான் இரசிகர்கள் கண்கலங்கினார்கள். அப்படியானால் எது மூலம்? கேமராவுக்குள் ஓடியதா, மக்களின் கண்ணுக்குள் ஓடியதா? நெகட்டிவ்தான் மூலம் என்று இந்த மீட்டெடுப்பு முடிவு செய்திருக்கிறது. லிண்ட்சே-ஹாக் கேமரா வழியே பார்த்த முகங்கள் இவைதான், அவர் காட்ட நினைத்ததும் இவற்றைத்தான் என்பதால் அந்த முடிவை நான் ஏற்கிறேன். ஆனால் ஏற்கும்போதே, பழைய பிரிண்டுகளில் ஒன்றையாவது, ஏற்கெனவே சிவப்பேறத் தொடங்கியிருந்தாலும், குளிரறையில் வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்றும் சொல்வேன். அக்காலத்து வண்ணப் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளிறும். எஞ்சுவது ஒரு ரோஜா நிற மங்கல். அதுவும் போய்விட்டால், 1970ஆம் ஆண்டுப் பார்வையாளர்கள் ஏன் அவ்வளவு துயரப்பட்டார்கள் என்பதை அடுத்த தலைமுறைக்கு விளக்க எதுவும் மிஞ்சாது. பளிச்சென்ற இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அவர்கள் எல்லோரும் மிகைப்படுத்தினார்கள் என்றுதான் சொல்வார்கள். என் மருமகன் அரை மணி நேரத்தில் அதைச் சொல்லிவிட்டான்.

மாடிக் காட்சி வந்ததும் அவன் பேச்சை நிறுத்தினான். 1969 ஜனவரி 30, மதிய உணவு வேளை, குளிர் காற்று. ரிங்கோ தன் மனைவியின் சிவப்பு மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். ஜான் போட்டிருப்பது தன் துணைவி யோகோ ஓனோவின் உரோம மேலங்கி. கீழே தெருவில் தொப்பி அணிந்த பெரியவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள்; காவலர்கள் மாடிப்படி ஏறி வருகிறார்கள். அந்த நாளுக்கெனப் பத்து கேமராக்கள், வரவேற்பறைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்தது உட்பட. அந்தச் சிவப்பு புதிய படத்தில் கண்ணைப் பறிக்கிறது. சாம்பல் நிற வானம், சாம்பல் நிறக் கூரைகள், நடுவில் அந்த ஒரு துண்டுச் சிவப்பு.

படம் முடிந்ததும், நான் பார்த்த பழையதைக் காட்டச் சொன்னான். அலமாரியின் அடியில் இருந்த வி.சி.டி. எப்படியோ ஓடியது. மாடிக் காட்சிக்கு நேராக ஓட்டிப் போட்டேன். அதே வெட்டுகள் அதே இடங்களில் வந்தன. மழைச்சட்டை காய்ந்த இரத்தத்தின் நிறத்தில் இருந்தது; வானத்துக்கும் கூரைக்கும் வேறுபாடே இல்லை; ஹாரிசனின் முகம் இருந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி. “ஆஃப் பண்ணிடுங்க மாமா, கண்ணு வலிக்குது” என்று எழுந்து தூங்கப் போய்விட்டான். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு இன்னும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.